சிவப்பு டேப் ஒட்டிய கேன்

அண்ணன் தண்ணீருக்காக முதன்முதலில் ஒருவனை அடித்தது, தங்கை அந்த நான்காவது மாடி வீட்டுக்குக் குடிவந்த அன்றைக்கே நடந்தது. சாமான்கள் இன்னும் பிரிக்கப்படவில்லை. கட்டிலின் கால்கள் ஒரு மூலையில், பலகை இன்னொரு மூலையில். அந்தக் கட்டடத்துக்கு அதுவரை குடிநீர் கேன் போட்டுக்கொண்டிருந்த ஒல்லி மனிதர் ஒருவர், புதுக் குடித்தனம் வந்திருக்கிறதே என்று தோளில் ஒரு கேனைத் தூக்கிக்கொண்டு மாடியேறி வந்து கதவைத் தட்டினார். கதவைத் திறந்தது அண்ணன்.

"இந்த வீட்டுக்குத் தண்ணி நான் போடறேன். நீ இறங்கு."

"பில்டிங் முழுக்க நான்தாங்க போடறேன். ஏழு வருஷமா..."

அவர் பேச்சை முடிக்கவில்லை. அண்ணன் அவர் தோளிலிருந்த கேனிலேயே கை வைத்துத் தள்ளினான். இருபது லிட்டரும் ஆளுமாகப் பதினோரு படி உருண்டு, மூன்றாவது மாடித் திருப்பத்தில் சுவரில் மோதி நின்றது. அதோடு விட்டிருக்கலாம். அண்ணன் நிதானமாக இறங்கிப் போய், எழுந்திருக்கப் பார்த்தவரின் வாயில் செருப்புக் காலால் ஒரு மிதி மிதித்தான். இரண்டு பல் கழன்று படியில் விழுந்தது.

அந்தப் படியைத் துடைத்தது தங்கைதான். அவளுக்கு ரத்தம் ஒன்றும் புதிதில்லை. ஆஸ்பத்திரி லேபில் பதினோரு வருடமாக ஊசி குத்தி ரத்தம் எடுக்கிற வேலை. பின்னாளில் கட்டடத்தில் எல்லாரும் அவளை 'ரத்தக்காரம்மா' என்றுதான் கூப்பிட்டார்கள். துணியைப் பிழிந்து பிழிந்து துடைக்கும்போது அவளுக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த வெட்கத்துக்கு அடியில், வெளியே சொல்ல முடியாதபடி, ஒரு சின்னப் பெருமையும் இருந்தது. பள்ளிக்கூடத்தில் அவள் சடையைப் பிடித்து இழுத்தவனின் விரல்களைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தியவன் அண்ணன். பஸ்ஸில் அவள் மேல் உரசியவனை அடுத்த நிறுத்தத்தில் இறக்கி, மூக்கு எது வாய் எது என்று தெரியாமல் ஆக்கியவன் அண்ணன். அடி வாங்குகிறவன் எப்போதும் வேறு யாரோ. அடி அவளுக்காக. முப்பத்தாறு வயதிலும் அவன் வாயில் அவள் 'பாப்பா'தான்.

ஒரே மாதத்தில் முப்பத்திரண்டு வீட்டுக்கும் அண்ணனின் கேன் வந்தது. தங்கை வீட்டுக்குச் சும்மாவே வந்தது, வாரத்துக்கு மூன்று.

அவள் புருஷன் லிஃப்ட் மெக்கானிக். சத்தம் போட்டுப் பேசத் தெரியாத மனிதன். குடிவந்த மறுவாரமே சமையலறைச் சுவரில் ஒரு ஃபில்டரைத் தானே துளை போட்டு மாட்டினான். அண்ணன் வந்து பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"என்ன மாப்ளே, தங்கச்சி புருஷன் வீட்டுல ஃபில்டரு. ஊர்க்காரன் பார்த்தா என் கேனை எவன் வாங்குவான்?"

"சும்மா ஒரு இதுக்குத்தான் மச்சான்."

"கழட்டவெல்லாம் வேணாம். சுவத்துல அழகா இருக்கட்டும்."

அப்படியே ஃபில்டர் சுவரில் அழகாக இருந்தது, தூசி படிந்து. புருஷன் மட்டும் வேலை முடிந்து வந்தால், யாரும் பார்க்காதபோது குழாயைத் திறந்து உள்ளங்கையைக் குவித்துக் குடிப்பான். சின்ன வயதுப் பழக்கம். "மாடு மாதிரி" என்பாள் அவள். அவனும் சிரித்துக்கொண்டே வாயைத் துடைத்துக்கொள்வான். ஆக அந்த ஒரு சமையலறையில் மூன்று தண்ணீர் இருந்தது. குடிக்கிற தண்ணீர் என்று வீட்டில் சொன்னால் அது இரும்பு ஸ்டாண்டில் கவிழ்த்து வைத்த அண்ணனின் கேன்தான்.

நான்கு வருடம் அப்படிப் போயிற்று.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவர்களுடைய ஏழு வயது மகள் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது வாந்தி எடுத்தாள். மத்தியானத்துக்குள் வயிறு தண்ணீராகப் போக ஆரம்பித்துவிட்டது. சாயங்காலம் கண் உள்ளே போய், உதடு வெடித்து, கூப்பிட்டால் பதில் இல்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மகளின் கையில் ரத்தம் எடுக்க வேறு யாரையும் விடவில்லை அவள். நரம்பு கிடைக்கவில்லை. மூன்று இடத்தில் குத்தினாள். மகள் அழக்கூட இல்லை. அதுதான் அவளை உலுக்கியது.

அன்றைக்கே அதே கட்டடத்திலிருந்து இன்னும் மூன்று குழந்தைகள் வந்து சேர்ந்தன. அதில் ஒன்று, முதல் மாடியில் குடியிருந்த பெயிண்டரின் குழந்தை. நாலு வயசு. அவளுடைய மகளோடு படியில் உட்கார்ந்து பொம்மைக்குச் சோறூட்டுகிற குழந்தை.

"எல்லாம் ஒரே பில்டிங்கா?" என்றார் டாக்டர். "அப்ப தண்ணிதான். பாருங்க."

தண்ணீர் என்றதும் எல்லார் புத்தியும் மொட்டை மாடித் தொட்டிக்குப் போயிற்று. குழாய்த் தண்ணீர் என்றாலே அழுக்கு, காசு கொடுத்து வாங்கினால் சுத்தம். இதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அந்தத் தொட்டியைக் கழுவுவது, குழாய் ரிப்பேர் பார்ப்பது எல்லாம் ஒரு குழாய்க்காரர். அறுபதை நெருங்கியவர். கொஞ்சம் காது மந்தம்.

மறுநாள் காலை மகளுக்கு மாற்றுத்துணி எடுக்க அவள் வீட்டுக்கு வந்தபோது மொட்டை மாடியில் கூச்சல் கேட்டது. ஏறிப் போய்ப் பார்த்தாள். அண்ணன் குழாய்க்காரரின் பின்கழுத்தைப் பிடித்து, தலையைத் தொட்டிக்குள் அமுக்கிக்கொண்டிருந்தான். சுற்றிலும் பதினைந்து இருபது பேர். குழாய்க்காரரின் கால்கள் தரையில் உதைத்தன. அண்ணன் தலையை வெளியே இழுத்தான்.

"எலி செத்துக் கிடந்ததா? பல்லி விழுந்ததா? சொல்லுடா. என் மருமக சாகக் கிடக்கிறா."

"போன வாரந்தான்... கழுவினேன்... சத்தியமா..."

மறுபடி உள்ளே. தண்ணீர் குமிழியிட்டது. யாரும் 'போதும்' என்று சொல்லவில்லை. பெயிண்டர் முன்னால் வந்து குழாய்க்காரரின் இடுப்பில் எட்டி உதைத்தார். அவர் குழந்தைக்கு முந்தின இரவு முழுக்க மூத்திரமே வரவில்லை. குழாய்க்காரர் பிடி கிடைக்காமல் தொட்டியின் விளிம்பில் கை வைத்தார். அண்ணன் இரும்பு மூடியைத் தூக்கி அந்தக் கை மேல் போட்டான்.

அந்தச் சத்தம் ரத்தக்காரம்மாவுக்குக் கேட்டது. மணிக்கட்டு எலும்பு போன சத்தம். அவள் வாயைத் திறந்தாள். அண்ணன் திரும்பிப் பார்த்து, "நீ போ பாப்பா, பிள்ளையைப் பாரு. இதை நான் பார்த்துக்கறேன்" என்றான். அவள் போனாள். படியிறங்கி, மாற்றுத்துணியைப் பையில் வைத்து, போனாள். இதைப் பிற்பாடு அவள் யாரிடம் சொன்னாலும் இந்த இடத்தை மட்டும் விட்டுவிடாமல் சொல்வாள்.

சாயங்காலம் கையில் மாவுக்கட்டோடு குழாய்க்காரரே லேப் வாசலில் வந்து நின்றார். கண் இரண்டும் சிவந்து வீங்கியிருந்தது. அவள் எழுந்து நின்றாள்.

"உங்க அண்ணனைப் பத்திப் பேச வரலைம்மா" என்றார், காது கேளாதவர்கள் பேசுகிற உரத்த குரலில். "நான் கழுவின தொட்டிம்மா அது. நீங்க படிச்சவங்க. இங்க மெஷினெல்லாம் இருக்கு. ஒரே ஒரு தடவை டெஸ்ட் பண்ணிப் பாருங்க. என் தப்புன்னா இன்னொரு கையையும் குடுத்துடறேன்."

வரிசையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவள் சரி என்று தலையாட்டினாள்.

கிருமி நீக்கிய மூன்று பாட்டில்களை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். குழாய் முனையைத் தீயில் காட்டி, சிறிது நேரம் ஓடவிட்டு ஒன்றில் பிடித்தாள். தூசி படிந்த ஃபில்டரைத் திறந்து ஒன்றில். ஸ்டாண்டில் இருந்த கேனிலிருந்து ஒன்றில். ஒவ்வொன்றிலும் பேர் எழுதினாள். கேன் பாட்டிலில் எழுதும்போது, இதை எதற்கு எடுக்கிறோம், சும்மா ஒப்பிட்டுப் பார்க்கத்தானே என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

இரண்டு நாள் கழித்து, வெள்ளிக்கிழமை காலை, கிருமி வளர்க்கிற பிரிவிலிருந்து அவளுடைய தோழி கூப்பிட்டாள். மூன்று தட்டுகள் மேஜையில் இருந்தன. குழாய்த் தண்ணீர்த் தட்டு வெறுமையாக இருந்தது. ஃபில்டர் தட்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில புள்ளிகள். உள்ளே இருக்கிற பழைய கேண்டிலை மாற்றாத குற்றம், அவ்வளவுதான். கேன் தட்டில் இடமே இல்லை. மலத்தில் மட்டுமே இருக்க வேண்டிய கிருமி விளிம்பு வரைக்கும் அப்பிக் கிடந்தது.

"இது எந்தக் குட்டைத் தண்ணிடி?" என்றாள் தோழி.

அவள் பதில் சொல்வதற்குள் வார்டுப் பக்கமிருந்து ஒரு சத்தம் வந்தது. ஆண் குரல். பெயிண்டரின் குரல். அவர் தலையைச் சுவரில் மோதிக்கொண்டிருந்தார். இரண்டு வார்டு ஆட்கள் பிடித்தும் அடங்கவில்லை. நெற்றி பிளந்து, சட்டையில் காய்ந்திருந்த நீலப் பெயிண்டின் மேல் ரத்தம் வழிந்தது. குழந்தை போய்விட்டது.

அண்ணனின் தண்ணீர்க் கம்பெனி என்பது ஊர் ஓரத்தில் ஒரு தகரக் கூரைக் கொட்டகை. அவள் போனபோது மணி பன்னிரண்டு. வாசலில் வண்டியில் கேன் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். உள்ளே சுத்திகரிக்கிற மெஷின் மேல் சாக்கு போட்டு மூடியிருந்தது. பின்பக்கம் ஆழ்துளைக் குழாய். அதிலிருந்து நாலு அடி தள்ளி, திறந்த சாக்கடை. ஒரு ரப்பர் ஹோஸ், நேரே கேனுக்குள்.

"அண்ணே, மெஷின் ஓடலையா?"

"ரிப்பேர் பாப்பா. பார்ட் வரணும். ஒரு மாசமா இழுத்தடிக்கிறான். அதுவரைக்கும் ஆர்டரை நிறுத்த முடியுமா? பிள்ளை எப்படி இருக்கா?"

"அந்தத் தண்ணியைத்தான் அவ குடிச்சா."

"சேச்சே" என்றான் அண்ணன். அவன் முகத்தில் பொய் இல்லை. "உன் வீட்டுக்கு நான் தனியா எடுத்து வைக்கச் சொல்லியிருக்கேனே. சிவப்பு டேப் ஒட்டி. என் வீட்டுக் குழாய்ல பிடிச்ச தண்ணி. பிள்ளை குடிக்கிறதுல நான் விளையாடுவேனா?"

அவளுக்கு ஒரு நிமிடம் ஆயிற்று அது மண்டையில் ஏற.

"அப்ப உனக்குத் தெரியும்."

அண்ணன் அவளைப் பார்க்கவில்லை. வண்டிப் பக்கம் திரும்பி, "டேய்!" என்று கத்தினான். டிரைவர் ஓடி வந்தான். "என் தங்கச்சி வீட்டுக்கு எந்தக் கேன்டா போட்டே?"

டிரைவர் ஒரு அடி பின்னால் போனான். "போன வாரம் டேப் தீர்ந்துபோச்சுண்ணே... எல்லாம் ஒண்ணாக் கலந்து..."

அண்ணன் ஹோஸைப் பிடுங்கி அதன் பித்தளை முனையால் அவன் முகத்தில் அடித்தான். புருவம் கிழிந்தது. கீழே விழுந்தவனை விலாவில் உதைத்தான். மறுபடி உதைத்தான். "என் மருமக! என் மருமகடா!" ஒவ்வொரு உதைக்கும் ஒரு தடவை சொன்னான். அவன் கண்ணில் நிஜமாகவே தண்ணீர் வந்தது.

"நிறுத்து" என்றாள் அவள். "அவனை எதுக்கு அடிக்கிறே? பெயிண்டர் குழந்தை செத்துப்போச்சு."

அண்ணனின் கால் அந்தரத்தில் நின்றது. பிறகு மெதுவாகக் கீழே வைத்தான்.

"யாருக்கும் தெரியுமா?"

இதைத்தான் கேட்டான். அவள் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நாற்பது வருடமாகப் பார்த்த முகம்.

"வண்டியை நிறுத்து. போட்ட கேனையெல்லாம் திருப்பி எடு. இன்னைக்கே."

"பார்க்கலாம். நீ வீட்டுக்குப் போ."

"இல்லேன்னா ரிப்போர்ட்டை லிஃப்ட்ல ஒட்டிடுவேன்."

"ஒட்டித்தான் பாரேன்" என்றான். இத்தனை காலத்தில் அவளிடம் அவன் அந்தக் குரலில் பேசியதே இல்லை.

லேப் தலைவரிடம் ரிப்போர்ட்டைக் கொடுத்தாள். "மேலே அனுப்பறேன், சுகாதாரத் துறை வந்து பார்க்க ரெண்டு மூணு நாள் ஆகும்" என்றார் அவர். சனிக்கிழமை மகளை வீட்டுக்கு அழைத்துவந்தார்கள். தூக்கினால் கனமே இல்லை. லிஃப்ட்டுக்குக் காத்திருக்கும்போது, அண்ணனின் ஆட்கள் இருவர் ஆளுக்கொரு கேனைத் தோளில் வைத்து முதல் மாடிக்கு ஏறிப் போவதைப் பார்த்தாள். துக்க வீட்டுக்குத் தண்ணீர். வந்தவர்களுக்குக் குடிக்கக் கொடுக்க.

அவள் ஓடிப்போய் அந்தக் கேன்களைப் பிடுங்கித் தெருச் சாக்கடையில் கவிழ்த்தாள். மேலே வந்ததும் ரிப்போர்ட்டின் நகலை எடுத்து, அடியில் பெரிய எழுத்தில், 'கேன் தண்ணீரைக் குடிக்காதீர்கள். குழாய்த் தண்ணீர் சுத்தம். குழாய்க்காரர் மேல் தப்பில்லை' என்று எழுதி, ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் லிஃப்ட் கதவில் ஒட்டினாள்.

பத்து மணிக்கு அண்ணன் வந்தான். கையில் அந்தக் காகிதம் கசங்கியிருந்தது. கதவைத் திறந்தது புருஷன்.

"வாங்க மச்..."

அண்ணன் அவன் மூக்கில் குத்தினான். புருஷன் பின்னால் சாய்ந்து செருப்பு அலமாரி மேல் விழுந்தான். அண்ணன் அவன் சட்டைக் காலரைப் பிடித்துச் சமையலறைக்குத் தரதரவென்று இழுத்துப் போனான். வழியெல்லாம் ரத்தக் கோடு.

"உன் வேலைதானேடா? குழாய்த் தண்ணி, குழாய்த் தண்ணின்னு என் தங்கச்சி மனசைக் கெடுத்தது நீதானே?"

"அவரை விடு. எழுதினது நான்" என்று அவள் கத்தினாள். அண்ணன் அதைக் காதில் வாங்கவில்லை. இப்போதும் அவளை அடிக்க அவனுக்குக் கை வரவில்லை. அவளுக்குப் பதில் அடி வாங்க எப்போதும்போல் வேறொரு ஆள் வேண்டியிருந்தது. புருஷனின் தலையைப் பாத்திரம் கழுவுகிற தொட்டிக்குள் அமுக்கி, குழாயை முழுக்கத் திறந்தான்.

"குடி! சுத்தமான தண்ணிதானே? நல்லாக் குடி!"

தொட்டியின் துவாரத்தைப் புருஷனின் முகமே அடைத்துக்கொண்டது. தண்ணீர் ஏறியது. சிவப்பாக ஏறியது. அவன் கைகள் கல்மேடையில் துழாவின. ஒரு டம்ளர், ஒரு கரண்டி, எல்லாம் கீழே விழுந்தன. உள்ளறையில் மகள் "மாமா... மாமா..." என்று அலறினாள். ரத்தக்காரம்மா அண்ணனின் முதுகில் குத்தினாள், முடியைப் பிடித்து இழுத்தாள், தோளைக் கடித்தாள். அவன் முழங்கையால் அவளைத் தள்ளிவிட்டான். அவள் கேன் ஸ்டாண்டின் மேல் போய் விழுந்தாள். புருஷனின் கை துழாவுவது நின்றது.

அவள் ஸ்டாண்டிலிருந்த கேனைத் தள்ளிவிட்டு, அந்த இரும்பு ஸ்டாண்டை இரண்டு கையாலும் தூக்கினாள். முதல் அடி அண்ணனின் வலது தோளில் விழுந்தது. கழுத்துப்பட்டை எலும்பு போயிற்று. பிடி விட்டது. புருஷன் தொட்டியிலிருந்து வழுக்கித் தரையில் விழுந்து, வாய் வழியாகவும் மூக்கு வழியாகவும் தண்ணீரைக் கக்கினான். அண்ணன் அவள் பக்கம் திரும்பினான். கோபத்தைவிட அவன் முகத்தில் ஆச்சரியம்தான் இருந்தது. அவள் இரண்டாவது அடியை முழங்காலில் வைத்தாள். அவன் மண்டியிட்டான்.

அதோடு முடிந்துவிட்டது. அவனால் எழுந்திருக்க முடியாது. புருஷன் மூச்சுவிடுகிறான். மூன்றாவது அடி தேவையே இல்லை. அவள் அதையும் அடித்தாள், ஓங்கி, தாடையில். "பாப்..." என்று அவன் ஆரம்பித்த வார்த்தை அங்கேயே நின்றது. கீழ்த்தாடை ஒரு பக்கமாகப் போய், பற்கள் ஈரத் தரையில் சிதறின.

அது யாருக்காக அடித்த அடி என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது. மகளுக்கா, பெயிண்டர் குழந்தைக்கா, குழாய்க்காரருக்கா, அல்லது தான் நான்கு வருடத்துக்கு முன்னால் படியைத் துடைத்தபோது பட்ட அந்தச் சின்னப் பெருமைக்கா.

மூச்சு வாங்கிக்கொண்டு நின்றபோதுதான் மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது. ஒன்றிரண்டு பேர் அல்ல. காகிதத்தை அண்ணன் கிழிப்பதற்குள்ளேயே பாதிக் கட்டடம் படித்திருந்தது. மொட்டை மாடியில் வேடிக்கை பார்த்த அதே ஆட்கள், கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். முன்னால் பெயிண்டர். நெற்றியில் கட்டு. கையில் சுவருக்குப் பட்டி இழுக்கிற அகலத் தகடு.

அவள் வாசலில் போய் நின்றாள். இரும்பு ஸ்டாண்டு இன்னும் கையில் இருந்தது.

"நகரும்மா" என்றார் பெயிண்டர்.

"எங்க அண்ணன்" என்றாள்.

"தெரியும். நகரு."

"எங்க அண்ணன்."

வேறு ஒரு வார்த்தையும் அவள் வாயில் வரவில்லை. சட்டம், போலீஸ், நியாயம் என்று எதையாவது சொல்லியிருக்கலாம். தோன்றவில்லை. பெயிண்டர் தகட்டை வீசினார். அது அவளுக்கு வீசியதா, வழியை விலக்க வீசியதா, அவருக்கே தெரிந்திருக்காது. முன்கையில் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை கிழிந்தது. ஸ்டாண்டு கையிலிருந்து விழுந்தது. அவள் நகரவில்லை. பெயிண்டருக்குப் பின்னாலிருந்து யாரோ கை நீட்டி அவள் தலைமுடியைப் பிடித்தார்கள், யாரோ வயிற்றில் குத்தினார்கள். புருஷன் தவழ்ந்து வந்து, அவள் கால்களுக்குப் பக்கத்தில் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு எழுந்து, மூக்கு உடைந்த முகத்தோடு அவள் பக்கத்தில் நின்றான். இரண்டு பேரும் சேர்ந்து வாசலை அடைத்தார்கள்.

பெயிண்டர் அவள் கையிலிருந்து சொட்டுகிற ரத்தத்தைப் பார்த்தார். தகட்டைப் பார்த்தார். அவள் தோளுக்கு மேலே எட்டி, சமையலறைத் தரையில் தாடை தொங்கக் கிடந்தவனைப் பார்த்தார். அப்படியே அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அவர் உட்கார்ந்ததும் மற்றவர்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஒருவன் ஒரு செருப்பைத் தூக்கி உள்ளே எறிந்தான். அது யார் மேலும் படவில்லை. கால் மணி நேரத்தில் போலீஸ் வந்தது.

அண்ணனுக்குத் தாடையைக் கம்பி போட்டுக் கட்டினார்கள். வாய் திறக்க முடியாது. வார்டு வாசலில் ஒரு போலீஸ்காரர். மூன்றாம் நாள் வாக்குமூலத்தை எழுதிக் கொடுத்தான். சாக்கடைப் பக்கத்துக் குழாய், ஓடாத மெஷின், சிவப்பு டேப், எல்லாவற்றையும் தன் கைப்பட எழுதினான். தனக்கு எப்படி அடிபட்டது என்ற இடத்தில் மட்டும், 'ஈரத் தரையில் வழுக்கி விழுந்தேன்' என்று எழுதியிருந்தான்.

"அவரே அப்படி எழுதியிருக்காரேம்மா" என்றார் விசாரிக்க வந்த போலீஸ் அதிகாரி.

"பொய். நான்தான் அடிச்சேன். மூணு அடி. மூணாவது வேணும்னே அடிச்சது."

அவர் பேனாவை வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். "சரி. உங்க கையில அது என்ன? இருபது தையல்னு சொன்னாங்க."

"ஜன்னல் கண்ணாடி கிழிச்சிடுச்சு" என்றாள்.

மறுநாள் வார்டில் ரத்தம் எடுக்க வேண்டியவர்கள் பட்டியலில் அண்ணனின் படுக்கை எண் இருந்தது. தோழி தான் போவதாகச் சொன்னாள். இவளே போனாள். கட்டுப் போட்ட கையோடு ஊசியைப் பிரிக்கச் சிரமமாக இருந்தது. அண்ணன் அவளைப் பார்த்தான், பிறகு கூரையைப் பார்த்தான். தானாகவே இடது கையை நீட்டினான். முதல் குத்திலேயே நரம்பு கிடைத்தது. குழாயில் ரத்தம் நிறைந்தது. பஞ்சை வைத்து அமுக்கிப் பிடித்தபோது அவன் விரல்கள் அவள் மணிக்கட்டைத் தொட்டன. அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அழுத்தவும் இல்லை. பஞ்சு ஒட்டிக்கொண்டதும் அடுத்த படுக்கைக்குப் போனாள்.

அண்ணனுக்கு ஆறு வருடச் சிறை என்று தீர்ப்பாயிற்று. கோர்ட்டில் கூண்டில் ஏறி, மூன்று தட்டுகளைப் பற்றி அவள்தான் சாட்சி சொன்னாள். அவள் அடித்ததற்கும் தனியாக வழக்கு நடந்தது, எச்சரித்து விட்டார்கள். புருஷனுக்கு மூக்கு கோணலாகவே நின்றுவிட்டது. மகள் தேறிவிட்டாள். ஆனால் யார் வீட்டில் தண்ணீர் கொடுத்தாலும், டம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டு, "இது எந்தத் தண்ணி?" என்று கேட்காமல் குடிப்பதில்லை. சில பேருக்கு அது கோபத்தை வரவழைக்கும்.

கட்டடத்தில் பாதிப் பேர் கடையில் சீல் வைத்த பாட்டில் வாங்கினார்கள். சிலர் ஃபில்டர் மாட்டினார்கள். குழாய்க்காரருக்கு மணிக்கட்டு வளையாமலே போயிற்று. இடது கையால் தொட்டி கழுவப் பழகிக்கொண்டார். அவரை அடித்தவர்களில் ஒரே ஒருவர்தான் நேரில் போய்ப் பேசினார் என்று சொன்னார்கள். யார் என்று அவர் சொல்லவில்லை.

ரத்தக்காரம்மா குழாய்த் தண்ணீரையே கொதிக்க வைத்தாள். ஃபில்டருக்கும் புதுக் கேண்டில் போட்டாள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரண்டையும் தானே சோதித்துப் பார்ப்பாள்.

ஒரு நாள் காலை வேலைக்குக் கிளம்பும்போது, கீழே பொதுக் குழாயடியில் பெயிண்டர் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு இருவரும் படியில் எதிர்ப்பட்டாலும் பேசியதில்லை. அவள் தலை குனிந்து தாண்டிப் போனாள்.

"ஏம்மா" என்றார்.

நின்றாள். அவர் அவளுடைய முன்கைத் தழும்பைப் பார்த்தார். பிறகு தண்ணீரைப் பார்த்தார்.

"வீட்டுக்காரி மாசமா இருக்கா. அவளுக்குத்தான். இதைக் குடிக்கலாமா?"

"குடிக்கலாம்" என்றாள். "பத்து நிமிஷம் கொதிக்க வச்சுக் குடுங்க. மூடி வைங்க."

அவர் தலையாட்டினார். பாத்திரம் நிறைந்து வழிந்தது. குழாயை மூடிவிட்டு, தளும்பாமல் தூக்கிக்கொண்டு படியேறினார்.